செந்தூல் வீட்டில் ஓர் அமிகா 500: எல்எச்ஏ கொண்டு மாமாவின் 43 பிளாப்பிகளை மீட்ட கதை

நேற்று இரவு பத்தே முக்காலுக்குக் கடைசிப் பிளாப்பியின் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதி மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது. சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் எதிரே சரி, சரி, சரி என்று வரிசையாக வந்தது. ஆறு வார வேலை. நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையைத் தொடங்கப்போகிறவருக்கு நான் இழந்த இரண்டு சனிக்கிழமைகளாவது மிச்சமாகட்டும்.

கணினி என் மாமாவுடையது. 1990களின் தொடக்கத்தில் அவர் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். பகலில் அச்சகத்தில் வேலை. ஒன்றரை ஆண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காமடோர் அமிகா 500 ஒன்றை வாங்கினார். அதன் இணைப் போர்ட்டில் ஒரு சாம்ப்ளர் பெட்டியைச் செருகி, உறுமி, பம்பை, தப்பு எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பதிவு செய்து, புரோடிராக்கர் நிரலில் நான்கு தடங்களில் கோத்துத் தாளங்கள் அமைத்தார். பிறகு கல்யாணம், ஈப்போவுக்கு மாற்றல். பெட்டி எங்கள் வீட்டுச் சாமான் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. கணினியோடு ஒரு பிஸ்கட் தகரத்தில் 43 பிளாப்பிகள்.

அந்தப் பிளாப்பிகளைச் சாதாரண கணினியின் டிரைவில் போட்டால் படிக்காது. அமிகா தன் வட்டில் 80 சிலிண்டர், இரண்டு பக்கம், ஒரு தடத்துக்கு 11 செக்டர் என்று எழுதுகிறது. ஒரு வட்டுக்கு 9,01,120 பைட். சாதாரண கணினிகளின் பிளாப்பிக் கட்டுப்படுத்திக்கு அந்த எழுத்துமுறை பிடிபடாது. ஆகவே அமிகாவே படித்து, தன் சீரியல் போர்ட் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் அமிகாவிலேயே எல்எச்ஏ என்ற சுருக்கு நிரலைக் கொண்டு கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்கிவிட்டால் இடமும் நேரமும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பு. ஆனால் பொதியாக்கியது சரி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் மின்சாரம். இந்த வயதுப் பெட்டியை நேராக 240 வோல்ட்டில் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மின்வழங்கியை மட்டும் தனியே செருகி மல்ட்டிமீட்டரை வைத்தேன்: 5 வோல்ட் கம்பியில் 5.06, 12 வோல்ட் கம்பியில் 12.1. நல்ல எண்கள். அதன் பிறகே கணினியோடு சேர்த்தேன். படத்துக்குத் தனி மானிட்டர் இல்லை. அமிகா 500இன் பின்புறத்தில் கறுப்பு வெள்ளை காம்போசிட் வெளியீடு ஒன்று உண்டு. தொலைக்காட்சியின் மஞ்சள் துளைக்கு ஒரு சாதாரண ஆர்சிஏ கம்பி போதும். சாம்பல் நிறத்தில் அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்ச் 1.3 எழுந்து நின்றபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "தம்பி இதன் முன்னால்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பான்" என்றார்.

அடுத்தது கேபிள். புடு ஜாலான் பசாரில் ஒரு முழுக் காலை நேரம் போனது. அமிகா 500இன் சீரியல் போர்ட் 25 பின் ஆண். என் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் 9 பின் ஆண். ஆகவே கேபிளின் இரு முனையும் பெண்ணாக இருக்க வேண்டும். அடாப்டர், சீரியல் போர்ட்டுகளின் தரமான உண்மையான ஆர்எஸ்-232 மின்னழுத்தம் தருவதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சிறு சில்லுக் கருவிகளுக்கு விற்கும் 5 வோல்ட் அடாப்டரை இதில் மாட்டினால் அது கருகிவிடும். 25 பின் இணைப்பியைக் கடைக்காரர் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

என் முதல் தவறு இங்கே. அனுப்பும் கம்பியைப் பெறும் கம்பியோடு குறுக்காக இணைக்க வேண்டும் என்பது மனத்தில் பதிந்திருந்ததால், 2ஆம் பின்னை 3க்கும் 3ஆம் பின்னை 2க்கும் பற்றவைத்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. காரணம் இதுதான்: 25 பின் இணைப்பியில் 2 அனுப்புவது, 3 பெறுவது, 9 பின் இணைப்பியில் 2 பெறுவது, 3 அனுப்புவது. அதனால் 2ஐ 2க்கும் 3ஐ 3க்கும் நேராக இழுத்தாலே குறுக்கு இணைப்பு ஆகிவிடும். நான் இழுத்த விதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தன, கேட்க ஆளில்லை. பிரித்துத் திரும்பப் பற்றவைத்ததில் ஒரு 9 பின் இணைப்பியின் பிளாஸ்டிக் உருகிப்போனது. தரைக் கம்பி 25இல் 7, 9இல் 5.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன். அமிகாவின் 25 பின்னில் 9ஆம் பின்னில் +12 வோல்ட்டும் 10ஆம் பின்னில் -12 வோல்ட்டும் வருகின்றன. எல்லாப் பின்களையும் நேருக்கு நேர் இணைத்த ஆயத்தக் கேபிளை மாட்டினால் எதிர்ப்பக்கக் கருவிக்கு ஆபத்து. தேவையான கம்பிகளை மட்டும் நீங்களே பற்றவைப்பதே பாதுகாப்பு.

கேபிள் தயார். ஆனால் எல்எச்ஏ நிரல் அமிகாவில் இல்லை. அதைப் பெறுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் இல்லை. கிணற்றுக்குள் விழுந்த கயிற்றை எடுக்க இன்னொரு கயிறு தேடும் நிலை. நல்லவேளையாக, வொர்க்பெஞ்சோடு வரும் எக்ஸ்ட்ராஸ் வட்டில், நிரல் எழுத உதவும் அமிகாபேசிக் இருந்தது. பதினான்கு வரியில் ஒரு நிரலைத் தட்டச்சு செய்தேன்: சீரியல் போர்ட்டைத் திற, எத்தனை பைட் வரும் என்று கேள், அத்தனை பைட்டையும் ஒவ்வொன்றாக வாங்கி ரேம் வட்டில் (நினைவகத்தையே வட்டு போலப் பயன்படுத்தும் இடம்) ஒரு கோப்பாக எழுது, எண்ணிக்கை முடிந்ததும் மூடு. எண்ணிக்கை கேட்கும் அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பியபோது முடிவில் நிரல் நின்றுவிட்டது. இன்னும் 340 பைட் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. மடிக்கணினியோ முழுவதையும் அனுப்பிவிட்டது. அதாவது, பேசிக் வாங்கி முடிப்பதற்குள் வந்தவை வழியில் சிந்திவிட்டன. வேகத்தை 1200க்கு இறக்கினேன். நொடிக்கு 120 பைட். பத்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கை சரியாக முடிந்தது.

எல்எச்ஏயைப் பற்றி இரண்டு வரி. ஜப்பானில் ஹருயாசு யோஷிசாகி எழுதிய எல்எச்ஆர்க் என்ற சுருக்கு நிரலின் வழிவந்த கோப்பு வடிவம் இது. அமிகாவுக்கான எல்எச்ஏயை எழுதியவர் ஸ்டெஃபான் போபெர்க். அமிகா 500இன் மூளையான 68000 சில்லுக்கென்று தனிப் பதிப்பு உண்டு. சாதாரண அமிகா 500க்கு அதைத்தான் அனுப்ப வேண்டும். மடிக்கணினியில் பொதியைப் பிரிக்க லாசா என்ற சிறு நிரல் போதும். நான் அமிகாவுக்கான எல்எச்ஏயையே முதலில் லாசாவால்தான் அதன் பொதியிலிருந்து பிரித்தெடுத்தேன். எல்எச்ஏ கைக்கு வந்ததும் அதற்குக் கொடுத்த முதல் வேலை, அதே பேசிக் வழியாக வந்த என்காம் என்ற தொடர்பு நிரலின் பொதியைப் பிரிப்பது. என்காமில் இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை உண்டு. விட்டுப்போன துண்டுகளைத் தானே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இனி 19200 வேகத்தில் போகலாம்.

ஒரே டிரைவ் உள்ள கணினியில் ஒவ்வொரு கட்டளைக்கும் வொர்க்பெஞ்ச் வட்டைப் போடு, மாமாவின் வட்டைப் போடு என்று மாறி மாறிக் கேட்கும். எல்எச்ஏயையும் அடிக்கடி வேண்டிய நான்கைந்து கட்டளைகளையும் ரேம் வட்டில் நகல் எடுத்து அங்கிருந்தே ஓட்டினால் இந்தத் தொல்லை நீங்கும்.

முதல் பிளாப்பியில் 31 கோப்புகள். ரேம் வட்டில் பொதியாக்கி, இசட்மோடம் வழியாக அனுப்பி, மடிக்கணினியில் சோதித்தேன். 29 கோப்புகள் சரி. இரண்டில் சிஆர்சி பொருந்தவில்லை. எல்எச்ஏ ஒவ்வொரு கோப்பையும் சுருக்கும்போது அதன் உள்ளடக்கத்திலிருந்து சிஆர்சி என்ற 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டுப் பொதிக்குள் எழுதிவைக்கிறது. பிரிக்கும்போது திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஒரு பிட் மாறினாலும் சொல்லிவிடும்.

கேபிள்மேல் பழி போட்டேன். மூன்று கம்பி மட்டும் போட்டிருந்தேன் அல்லவா, பொறு, அனுப்பு என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் கைகுலுக்கல் கம்பிகள் இல்லாததால்தான் பைட்டுகள் சிதைகின்றன என்று முடிவு செய்தேன். மறுபடி ஜாலான் பசார், மறுபடி சால்டரிங் அயர்ன். அமிகாவின் 4ஐ 9 பின்னின் 8க்கும், 5ஐ 7க்கும், 20ஐ 6க்கும் 1க்கும், அமிகாவின் 6, 8 இரண்டையும் 4க்கும் இழுத்தேன். செட்டிங்கில் ஆர்டிஎஸ் சிடிஎஸ் கைகுலுக்கலை இயக்கினேன். அனுப்புவது சீரானது, நொடிக்கு ஏறக்குறைய 1,850 பைட் வந்தது. சிஆர்சி பிழையும் வந்தது. இந்த முறை வேறு மூன்று கோப்புகளில்.

இசட்மோடம் தானே ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கிறது. கேபிளில் கெட்ட துண்டு அதைத் தாண்டி வர வழியில்லை. இது எனக்கு உறைக்க ஒரு முழுச் சனிக்கிழமை ஆனது. ஞாயிறு காலை, அனுப்பாமல், பொதியாக்கிய அடுத்த நிமிடமே அமிகாவின் ரேம் வட்டிலேயே சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன். அங்கேயே பிழை. பொதி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கெட்டிருந்தது.

அப்படியானால் நினைவகம். அமிகா 500இன் வயிற்றுப்பக்கத்தில் ஒரு சிறு மூடி உண்டு. அதற்குள் ஏ501 என்ற 512 கிலோபைட் நினைவக விரிவாக்கப் பலகை. ரேம் வட்டில் வைப்பது பெரும்பாலும் முதலில் இந்தப் பலகைக்குத்தான் போகும். வேலை நடுவே அவ்வப்போது சிவப்புச் சட்டத்தோடு குரு மெடிட்டேஷன் என்ற பிழைச் செய்தி மின்னி கணினி நின்றுபோனதற்கும் இதுதான் காரணம். நான் அதை முதுமை என்று விட்டுவைத்திருந்தேன். பலகையைக் கழற்றினேன். அது இல்லாமல் பொதியாக்கிச் சோதித்தேன். 31க்கு 31 சரி.

பலகையின் தகரக் கவசத்தின் ஈயத்தை உறிஞ்சி எடுத்துத் திறந்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. கடிகாரத்துக்காக அதில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பக்கத்தில் இருந்த இரண்டு ரேம் சில்லுகளின் கால்கள்வரை ஏறியிருந்தது. பலகையில் மொத்தம் 16 சில்லுகள். கெட்டது அந்த ஓரம் மட்டும். பாட்டரியை வெட்டி எறிந்தேன். கடிகாரம் எனக்குத் தேவையில்லை. கசிந்தது காரம், அதனால் முதலில் வெள்ளை வினிகர் தொட்டுப் பல்துலக்கியால் தேய்த்தேன். நுரைத்து அடங்கியதும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இருமுறை கழுவி, மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு காயவைத்தேன். மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்ததில் ஒன்று அறுந்திருந்தது. மயிரிழைக் கம்பி ஒன்றால் பாலம் போட்டேன். பலகையைத் திரும்பச் செருகி, ஒரே வட்டை ஐந்து முறை பொதியாக்கி ஐந்து முறையும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. நினைவகச் சோதனைக்கென்று தனி நிரல் தேடாமல் எல்எச்ஏயே அந்த வேலையைச் செய்து கொடுத்தது.

உங்கள் அமிகாவில் இந்தப் பலகை இருந்தால், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், இன்றே திறந்து பாட்டரியை எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காத்திருக்காது.

இப்போது வேகம் பற்றிய கணக்கு. 12ஆம் பிளாப்பி முழுக்கப் பாடல் வரிகள், குழுவின் வரவு செலவு, எழுத்துக் கோப்புகள். மொத்தம் 2,14,000 பைட். சுருக்கியபின் 88,000. சுருக்க 1 நிமிடம் 50 விநாடி, அனுப்ப 48 விநாடி. சுருக்காமல் அனுப்பினால் 1 நிமிடம் 56 விநாடி. அதாவது சுருக்கியதால் நாற்பது விநாடி நட்டம். 7ஆம் பிளாப்பி இசைக் கோப்புகள்: 7,96,300 பைட் சுருங்கி 6,55,000. ஒலித் துண்டுகள் எழுத்தைப் போல் சுருங்குவதில்லை. சுருக்க ஏழு நிமிடம், அனுப்ப ஆறு நிமிடம். சுருக்காமலே ஏழு நிமிடத்தில் போயிருக்கும். அந்த வட்டு ஒரே பொதியாக ரேமில் அடங்கவும் இல்லை, என்காமும் நினைவகத்தில் இருந்ததால் பாதியில் இடம் தீர்ந்தது, இரண்டாகப் பிரித்தேன். 19ஆம் பிளாப்பியில் மாமா எல்லாக் கோப்புகளையும் அந்தக் காலத்திலேயே பவர்பேக்கர் என்ற இன்னொரு சுருக்கு நிரலால் சுருக்கிவைத்திருந்தார். கோப்பின் முதல் நான்கு எழுத்து பிபி20 என்று இருந்தால் அப்படி என்று பொருள். சுருங்கியதைச் சுருக்க முடியாது; பொதி மூலத்தைவிட 1,700 பைட் பெரிதாக வந்தது, தலைப்புகளின் கனம்.

7.09 மெகாஹெர்ட்ஸ் கணினியில் 19200 வேகத்தில் சுருக்குவது நேரத்தை மிச்சப்படுத்தாது என்று எண்கள் தெளிவாகச் சொல்லின. நான் அவசரப்பட்டு, பொதியாக்குவதை நிறுத்திவிட்டேன். மாலை நேரங்களில் ஒன்பது பிளாப்பிகளின் கோப்புகளை அப்படியே ஒவ்வொன்றாக அனுப்பினேன். கேபிள் நன்றாக இருக்கிறது, இசட்மோடம் சரிபார்க்கிறது, வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த வேலையில் நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். ஒன்பதாவது வட்டு முடிந்த இரவு, கோப்புகளின் பட்டியலைப் பார்க்க வழக்கமான டிர் கட்டளைக்குப் பதிலாக லிஸ்ட் கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு முக்காற்புள்ளி. அதன் பின்னால் மாமாவின் எழுத்து. ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ்: உறுமி, உரசும் பக்கம், சி-3, பத்துமலை. பம்பை, ஈரத் தோல், சி-2. அமிகாவில் ஒவ்வொரு கோப்புக்கும் 79 எழுத்துவரை குறிப்பு எழுதிவைக்கலாம். டிர் அதைக் காட்டாது. மாமா ஒலித் துண்டு ஒவ்வொன்றுக்கும் எந்த மேளம், எந்தப் பக்கம், எந்தச் சுரத்தில் ஒலிக்கவேண்டும், எங்கே பதிவு செய்தது என்று எழுதிவைத்திருந்தார். கோப்பின் பெயர்களோ யூ01, யூ02 என்று மட்டும்.

இசட்மோடம் கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டுசெல்லும், குறிப்பைக் கொண்டுசெல்லாது. எல்எச்ஏ பொதி குறிப்பையும் தேதியையும் கோப்பின் பாதுகாப்புக் குறிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அமிகாவிலோ, அமிகாவைப் போல் நடிக்கும் எமுலேட்டர் நிரலிலோ பிரிக்கும்போது பழைய இடத்தில் வைத்துவிடும். இந்தக் குறிப்பு அலங்காரமில்லை. மாமாவின் துண்டுகள் தலைப்பு ஏதும் இல்லாத வெறும் 8 பிட் ஒலி. எந்த வேகத்தில் ஒலிக்கவேண்டும் என்று கோப்புக்குள் எங்கும் இல்லை. சி-3 என்று குறிப்பு சொன்னால், நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறை அமிகாவில் அது விநாடிக்கு 16,574 மாதிரி. சி-2 என்றால் அதில் பாதி. தெரியாமல் பாதி வேகத்தில் ஓட்டினால் உறுமி ஒரு முழு ஸ்தாயி கீழே இறங்கி வேறு ஏதோ தோல்கருவி போலாகிவிடும்.

ஒன்பதையும் மறுபடி தொடங்கினேன், இந்த முறை பொதியாக. அதற்குள் இன்னொரு தவறு நடந்துவிட்டது. தகரத்தின் அடியில் கிடந்த 31ஆம் வட்டை, மறு வேலைக்கு நடுவே, பார்க்கலாமே என்று செருகினேன். படிக்கவில்லை, கரகரவென்று ஒரு சத்தம். எடுத்து உலோகக் கதவை நகர்த்திப் பார்த்தால், கறுப்புத் தாளில் சாம்பல் வட்டங்கள். பூஞ்சை. அதைப் படிக்கும் தலையில் ஒட்டவைத்துவிட்டு, துடைக்காமல் அடுத்து 4ஆம் வட்டைச் செருகினேன். 4ஆம் வட்டு முதல் முறை சுத்தமாகப் படித்தது. அதன் 22 ஒலித் துண்டுகள் ஏற்கெனவே மடிக்கணினியில் இருந்தன, குறிப்புகள் இல்லாமல். இரண்டாம் முறை தலையில் இருந்த மண் அதன் மேல் ஒரு வளையக் கீறல் போட்டுவிட்டது. குறிப்புகள் வட்டின் நடுத்தடங்களில் சிதறிக் கிடந்தன. 16 கோப்புகளின் குறிப்பை மட்டும் மீட்க முடிந்தது. ஆறு போய்விட்டன. அவை 31ஆம் வட்டால் போகவில்லை. என் அவசரத்தால் போயின.

அதன் பிறகு ஒழுங்கு ஒன்று வைத்துக்கொண்டேன். எந்த வட்டானாலும் கதவை நகர்த்தி, பின்புறத்து உலோகச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றி, மேசை விளக்கில் இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகே டிரைவில் செருகினேன். பூஞ்சை தெரிந்தால், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், அழுத்தாமல், வட்டைச் சுழற்றிக்கொண்டே துடைப்பது. குச்சி வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருப்பது. மிக மோசமான மூன்றை உறையைப் பிரித்து, தாளை மட்டும் எடுத்து, கழுவிக் காயவைத்து, நல்ல பிளாப்பி ஒன்றின் உறைக்குள் போட்டுப் படித்தேன். அவற்றில் இரண்டு பாதிக்குமேல் படித்தன. ஒவ்வொரு பூஞ்சை வட்டுக்குப் பின்னும் டிரைவின் மூடியைத் திறந்து இரண்டு தலைகளையும் துடைத்தேன். மேல் தலையைத் தூக்கும்போது அதன் மெல்லிய தகடு வளைந்துவிடாமல் கவனம் வேண்டும். படிக்காத கோப்பு வரும் வட்டில் முழு வட்டையும் ஒரே கட்டளையில் பொதியாக்காமல், கோப்பு கோப்பாக ஒரே பொதியில் சேர்த்துக்கொண்டு போனேன். ஒன்று தடுமாறினால் மற்றவை தப்பும்.

43இல் 31 வட்டுகள் குறிப்போடு முழுமையாக வந்தன. 4ஆம் வட்டு ஒலி முழுமை, குறிப்பு குறை. 6 வட்டுகள் பாதியும் முக்காலுமாக. 5 வட்டுகள் ஒன்றும் இல்லை.

செலவு: யூஎஸ்பி அடாப்டர் 38 ரிங்கிட், 25 பின் இணைப்பி 3.50, 9 பின் இணைப்பி இரண்டு 5, இணைப்பி உறைகள் 3, எட்டுக் கம்பி கேபிள் இரண்டு மீட்டர் 6, ஆல்கஹால் 18, வினிகர் 2.50, பஞ்சுக்குச்சி 3, ஈயம் உறிஞ்சும் பின்னல் 8, பழைய வெற்றுப் பிளாப்பி பத்து 25. மொத்தம் 112 ரிங்கிட். மல்ட்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் வீட்டிலேயே இருந்தன.

மறுபடி செய்தால், முதல் நாளே ஏ501ஐக் கழற்றிப் பார்ப்பேன். கேபிளை முதலிலேயே கைகுலுக்கல் கம்பிகளோடு பற்றவைப்பேன். முதல் வட்டிலேயே லிஸ்ட் தட்டிக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பொதியாக்கி, அதே கணினியில் சோதித்து, அதன் பிறகே அனுப்புவேன். நேரம் கூடினாலும் பரவாயில்லை. பூஞ்சை வட்டுகளை மாமாவின் டிரைவில் போடவே மாட்டேன். கிரீஸ்வீசில் என்ற சிறு பலகை ஒன்று உண்டு. யூஎஸ்பி வழியாகச் சாதாரண கணினியின் பிளாப்பி டிரைவைக் கொண்டே அமிகா வட்டின் காந்தப் பதிவை அப்படியே எடுத்துவிடும். படிக்காத ஐந்து வட்டுகளையும் துடைத்து, உறையிட்டு, அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஈப்போவுக்குத் தொலைபேசியில் அழைத்து, யூ14ஐ ஒலிக்கவிட்டேன். அதன் குறிப்பு: உறுமி, உரசும் பக்கம், சி-3, சமையலறை. ஒன்றரை விநாடி ஒலி. மாமா சற்று நேரம் பேசவில்லை.

"பின்னால் ஒரு விசில் கேட்கிறதா, பாப்பா?" என்றார். மறுபடி ஒலிக்கவிட்டேன். உறுமியின் உரசலுக்கு அடியில், மெல்லியதாக, குக்கர் விசில். "உன் பாட்டி பருப்பு வைத்திருந்தார். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. அப்படியே பதிவு செய்துவிட்டேன்."

4ஆம் வட்டின் குறிப்பில்லாத ஆறையும் கேட்கிறீர்களா என்றேன். முதலாவதைக் கேட்ட உடனே, பம்பை, செந்தூல் கோயில் மண்டபம், சி-2 என்றார். இரண்டாவது தப்பு மேளம் என்றார், இடம் நினைவில்லை. மூன்றாவதை ஒலிக்கவிட்டபோது, "இன்னொரு முறை போடு" என்றார்.